கடை திறந்த பிறகுதான் கட்டணம்: அமெரிக்க ஃபிராஞ்சைஸ் ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பாதுகாப்பு

அமெரிக்காவில் ஃபிராஞ்சைஸ், அதாவது ஒரு பிராண்டின் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுக்கப் போகிறவர் கைக்கு வரும் எஃப்டிடி என்ற வெளிப்படுத்தல் ஆவணம் சாதாரணமாகவே சில நூறு பக்கம் ஓடும். அது ஐட்டம் என்ற எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கும். கட்டணம் எவ்வளவு என்று ஐட்டம் 5, மொத்த முதலீடு எவ்வளவு என்று ஐட்டம் 7, மற்ற கடைகள் என்ன சம்பாதிக்கின்றன என்று ஐட்டம் 19. இந்த மூன்றையும் படித்துவிட்டு மூடிவைப்பவர்கள்தான் அதிகம். புதிதாகக் கடை எடுப்பவரின் பணத்தைக் காக்கும் வரி பெரும்பாலும் ஆவணத்தின் பின்பகுதியில், மாநில வாரியான அடெண்டங்களில், அதாவது இணைப்புத் தாள்களில், கிடக்கிறது. "ஃபிராஞ்சைஸர் திறப்புக்கு முந்தைய கடமைகளை முடிக்கும்வரை தொடக்கக் கட்டணம் ஒத்திவைக்கப்படுகிறது" என்ற பொருளில் அது இரண்டு மூன்று வாக்கியம்தான் இருக்கும். ஃபிராஞ்சைஸர் என்பது அந்த உரிமையை விற்கும் கம்பெனி; திறப்புக்கு முந்தைய கடமை என்பது பயிற்சி, கையேடு, இட ஒப்புதல் போன்றவை.

நீங்கள் எந்த மாநிலத்தில் கடை வைத்தாலும் அந்தப் பக்கங்களை முழுக்கப் படியுங்கள். உங்கள் மாநிலத்தின் பெயர் அங்கே இல்லாவிட்டாலும் படியுங்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மத்திய அரசின் விதி இந்த விஷயத்தில் பெரிதாக உதவாது. எஃப்டிசி என்ற மத்திய வணிக ஆணையத்தின் ஃபிராஞ்சைஸ் விதி 1979-ல் நடைமுறைக்கு வந்து 2007-ல் திருத்தப்பட்டது. 23 ஐட்டங்கள் கொண்ட ஆவணத்தைக் கொடுக்க வேண்டும்; கொடுத்து 14 நாட்கள் கழியும்வரை கையெழுத்தோ பணமோ வாங்கக் கூடாது. கட்டணம் தொடர்பாக அது போடும் வேலி அவ்வளவுதான். 15-ஆம் நாள் மொத்தக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, திருப்பித் தர மாட்டோம் என்று எழுதி வைத்தால் மத்திய விதிப்படி அதில் தவறில்லை. அந்த ஆவணத்தை எஃப்டிசி முன்கூட்டிப் பார்த்து ஒப்புதல் தருவதும் கிடையாது.

மாநிலங்கள் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். கலிஃபோர்னியா 1970-ல் முதன்முதலாக ஃபிராஞ்சைஸ் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. இன்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பதிவோ அறிவிப்போ இல்லாமல் ஃபிராஞ்சைஸ் விற்க முடியாது. இவற்றில் கலிஃபோர்னியா, இல்லினாய், மேரிலாண்ட், வர்ஜீனியா, வாஷிங்டன், மினசோட்டா, ஹவாய், வடக்கு டகோட்டா ஆகியவற்றின் அடெண்டங்களில் கட்டண ஒத்திவைப்பை அடிக்கடி பார்க்கலாம். விண்ணப்பத்தோடு வரும் தணிக்கை செய்த கணக்கை, அதாவது ஐட்டம் 21-ஐ, மாநில அதிகாரி ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். இந்தக் கம்பெனி கடை எடுப்பவரிடம் வாங்கும் கட்டணத்தை வைத்துத்தான் அடுத்த மாதச் சம்பளமே போட வேண்டிய நிலையில் இருக்கிறதா என்பதுதான் அவர் தேடும் விடை.

பார்வை எங்கே போகும் என்பதை உங்கள் கணக்காளரிடமும் சொல்லி வையுங்கள். நிகர மதிப்பு எதிர்மறையாக இருக்கிறதா? கையிலுள்ள ரொக்கம், வரும் ஆண்டில் விற்கப் போவதாகச் சொல்லும் கடைகளுக்குப் பயிற்சியும் திறப்பு உதவியும் கொடுக்கப் போதுமா? எத்தனை கடை விற்கப் போகிறார்கள் என்ற கணிப்பு ஐட்டம் 20-ன் கடைசி அட்டவணையில் இருக்கும். வருமானத்தில் ஓடும் கடைகள் தரும் ராயல்டி எவ்வளவு, புதிதாகக் கடை எடுப்பவர்கள் தரும் புதுக் கட்டணம் எவ்வளவு? தணிக்கையாளர் குறிப்பில் நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்ற ஐயம் எழுப்பப்பட்டிருக்கிறதா? இதில் ஒன்றிரண்டு இடறினாலே அதிகாரி நிதி உறுதி கேட்பார்.

நிதி உறுதி என்பது நான்கு வடிவத்தில் வரும். முதலாவது எஸ்க்ரோ: உங்கள் பணம் வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும், நிபந்தனை நிறைவேறிய பிறகே விடுவிப்பு. இரண்டாவது ஷூரிட்டி பாண்ட்: காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதம். மூன்றாவது தாய் நிறுவனத்தின் செயல்பாட்டு உத்தரவாதம். நான்காவது ஒத்திவைப்பு. எஸ்க்ரோவுக்கு வங்கி ஏற்பாடும் படிவமும் வேண்டும், பாண்டுக்கு ஆண்டுதோறும் பிரீமியம் வேண்டும், வசதியான தாய் நிறுவனம் எல்லோருக்கும் இருப்பதில்லை. அதனால் புதிய ஃபிராஞ்சைஸர்கள் பெரும்பாலும் ஒத்திவைப்பையே ஏற்றுக்கொள்கிறார்கள். கடை எடுப்பவருக்கும் நான்கில் நல்லது இதுதான். பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. கடை திறப்பதற்கு முன் ஃபிராஞ்சைஸர் திவாலானால், கட்டணம் கட்டியவர் அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நிற்க வேண்டும். கட்டாதவருக்கு அந்த நிலை வராது.

எல்லா மாநிலத்துக்கும் ஒரே வாசகம் என்று நினைத்துவிட வேண்டாம். வித்தியாசம் சிறியதாகத் தெரியும், பணத்தில் பெரியது.

மேரிலாண்டின் வழக்கமான வாசகம், கடை எடுப்பவர் தர வேண்டிய எல்லாத் தொடக்கக் கட்டணங்களும் செலுத்தல்களும், ஃபிராஞ்சைஸர் ஒப்பந்தப்படி திறப்புக்கு முந்தைய கடமைகளை முடிக்கும்வரை ஒத்திவைக்கப்படும் என்கிறது. வர்ஜீனியா வாசகமும் ஏறக்குறைய இதேதான். இரண்டிலும் "கடமை முடிந்தது" என்பதுதான் அளவுகோல். "கடை திறந்தது" என்பது அல்ல. பயிற்சி முடிந்து, கையேடு கொடுத்து, இடத்துக்கு ஒப்புதலும் தந்துவிட்டால், உங்கள் கடையில் இன்னும் மின் இணைப்பு வராவிட்டாலும் கட்டணம் கேட்க அவர்களுக்கு வாதம் இருக்கிறது. இல்லினாய் வாசகம் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது: கடமையும் முடிய வேண்டும், நீங்கள் வியாபாரத்தையும் தொடங்கியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவும் அப்படியே, கடமைகள் முடிந்து கடையும் திறந்திருக்க வேண்டும். வாஷிங்டன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பயிற்சி உட்பட உங்களுக்குச் சேர வேண்டியதெல்லாம் சேர்ந்து கடையும் திறக்கும்வரை கட்டணத்தைக் கேட்கவும் மாட்டோம், தந்தால் ஏற்கவும் மாட்டோம் என்று ஃபிராஞ்சைஸர் எழுதிக் கொடுக்கிறார்.

மிச்சிகன் தனி ரகம். அங்கே ஃபிராஞ்சைஸரின் கடைசி நிதிநிலை அறிக்கை தணிக்கை செய்யப்படாததாகவும் நிகர மதிப்பு 1,00,000 டாலருக்குக் கீழேயும் இருந்தால், கடை எடுப்பவர் கேட்டுக்கொண்டால் பணத்தை எஸ்க்ரோவில் வைக்க வேண்டும். அல்லது பாண்ட் தரலாம். "கேட்டுக்கொண்டால்" என்பதைக் கவனியுங்கள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்த உரிமை தானாக வேலை செய்யாது. எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, எந்தப் பணமெல்லாம் ஒத்திவைப்புக்குள் வருகிறது என்ற கேள்வி. நடைமுறையில் தகராறு அதிகம் வருவது இங்கேதான். ஐட்டம் 5 என்பது, கடை திறப்பதற்கு முன் ஃபிராஞ்சைஸருக்கோ அவருடைய துணை நிறுவனத்துக்கோ நீங்கள் தரும் எல்லாப் பணத்தையும் பட்டியலிட வேண்டிய இடம். தொடக்கக் கட்டணம் 45,000 டாலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே பயிற்சிக் கட்டணம், மென்பொருள் அமைப்புக் கட்டணம், திறப்பு விழா விளம்பர நிதி, துணை நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டிய முதல் சரக்கு என்று வரிசையாக இருக்கும். அடெண்டம் "எல்லாத் தொடக்கக் கட்டணங்களும் செலுத்தல்களும்" என்று சொன்னால் இவை அத்தனையும் உள்ளே. "தொடக்க ஃபிராஞ்சைஸ் கட்டணம்" என்று மட்டும் சொன்னால் அந்த 45,000 மட்டும்தான் என்று ஃபிராஞ்சைஸர் சொல்வார். கையெழுத்துக்கு முன்பே ஐட்டம் 5-ல் உள்ள ஒவ்வொரு வரியையும் மின்னஞ்சலில் எழுதி, இது இப்போதா திறந்த பிறகா என்று எதிரே நிரப்பித் தரச் சொல்லுங்கள். கட்டட உரிமையாளருக்குத் தரும் டெபாசிட், ஒப்பந்ததாரருக்குத் தரும் பணம், மூன்றாம் நபரிடம் வாங்கும் சாதனங்கள் இவை எதுவும் ஒத்திவைப்பில் வராது.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு கடைகளுக்கு ஏரியா டெவலப்மெண்ட் ஒப்பந்தம் போடுபவர்கள் இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். கலிஃபோர்னியா வாசகத்தில் ஒவ்வொரு கடைக்கான பங்கும் அந்தக் கடை திறக்கும்போதுதான். மேரிலாண்ட் வாசகத்தில் முதல் கடை திறந்ததுமே டெவலப்மெண்ட் கட்டணம் முழுவதும் கேட்கும் நிலைக்கு வந்துவிடும். மூன்று கடைக்கு 1,05,000 டாலர் என்றால், முதல் கடை கல்லாவில் முதல் டாலர் விழும் வாரத்தில் அந்தப் பில்லும் வந்து நிற்கும்.

ஆவணத்தில் முரண்பாடு தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஐட்டம் 5-ன் மூலப் பகுதியில் "கையெழுத்திடும்போது முழுவதும் செலுத்த வேண்டும், திரும்பத் தரப்படாது" என்றுதான் அச்சாகியிருக்கும். ஐம்பது மாநிலத்துக்கும் ஒரே ஆவணம் என்பதால் அப்படி. அடெண்டம்தான் உங்கள் மாநிலத்துக்கு அதை மாற்றுகிறது. ஆனால் எஃப்டிடியில் உள்ள அடெண்டம் வேறு, ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்தாகும் அடெண்டம் வேறு. முதலாவது தகவல், இரண்டாவதுதான் ஒப்பந்தம். மின்கையெழுத்துக்கு வரும் கோப்பில் மாநில அடெண்டம் விடுபட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. விற்பனைப் பிரிவில் யாரோ பொது வடிவத்தை அனுப்பிவிடுவார்கள். அடெண்டம் கோப்பில் இருக்கிறதா, இரு தரப்புக் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறதா, "ஒப்பந்தத்தோடு முரண்பட்டால் அடெண்டமே செல்லும்" என்ற வரி இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார், திறந்த பிறகு கொடுங்கள்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. எழுதியது மட்டுமே ஒப்பந்தம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கும்.

ஒத்திவைப்பு வந்திருக்கிறது என்றாலே கம்பெனி மோசம் என்று பின்வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அது சரியான வாசிப்பு அல்ல. ஒன்றிரண்டு ஆண்டே ஆன ஃபிராஞ்சைஸருக்கு ஒத்திவைப்பு வருவது சகஜம். அந்தக் கம்பெனியின் சொந்த முதலீடு குறைவாகத்தான் இருக்கும். தனியார் ஃபிராஞ்சைஸர்களுக்கும் புதிய வருவாய்க் கணக்கு விதி வந்த பிறகு, வாங்கிய கட்டணத்தை உடனே வருமானமாகக் காட்ட முடியாமல், ஒரு பகுதியைப் பொறுப்பாகப் பேலன்ஸ் ஷீட்டில் வைத்து ஒப்பந்தக் காலம் முழுக்கப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் ரொக்கம் கையில் இருந்தும் நிகர மதிப்பு எதிர்மறையாகத் தெரிந்த நல்ல கம்பெனிகளும் உண்டு. என் கணிப்பில் கவலைப்பட வேண்டியது வேறு படம்: எட்டு பத்து ஆண்டு ஆகியும், அறுபது எழுபது கடை ஓடியும், வருமானத்தில் பாதிக்கு மேல் புதுக் கட்டணமாகவே இருந்து, அதன் மேல் ஒத்திவைப்பும் வந்திருந்தால் அந்தக் கம்பெனி கடை நடத்தி வாழவில்லை, கடை விற்று வாழ்கிறது. இதோடு முன்பக்கத்தில் உள்ள சிறப்பு அபாயங்கள் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஃபிராஞ்சைஸரின் நிதிநிலை, உங்களுக்குச் சேவையும் ஆதரவும் தரும் திறனைக் கேள்விக்குள்ளாக்குகிறது என்ற எச்சரிக்கை அங்கே இருந்தால் ஐட்டம் 21-ஐக் கணக்காளரிடம் கொடுக்காமல் மேலே போகாதீர்கள்.

இப்போது, உங்கள் மாநிலம் இல்லாவிட்டாலும் படியுங்கள் என்றதன் காரணம். தமிழர்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சி, டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா ஆகியவற்றில் ஃபிராஞ்சைஸ் ஆவணத்தை மாநிலம் முன்கூட்டிப் பரிசீலிக்கும் முறையே இல்லை. நியூ ஜெர்சியின் ஃபிராஞ்சைஸ் சட்டம் ஒப்பந்தத்தை ரத்து செய்வது போன்ற உறவுச் சிக்கல்களைப் பற்றியது. கட்டணம் எப்போது என்பதில் அது தலையிடாது. நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் கையெழுத்துப் போடுபவர் 45,000 டாலரை அன்றே கட்டுகிறார். அதே மாதம், அதே பிராண்டில், மேரிலாண்டில் கையெழுத்துப் போடுபவர் திறப்புக்கு முந்தைய வேலைகள் முடியும்வரை ஒரு டாலரும் கட்டுவதில்லை. இருவர் கையிலும் இருப்பது அநேகமாக ஒரே எஃப்டிடி. அதாவது, மேரிலாண்ட் அதிகாரி அந்தக் கம்பெனியின் கணக்கைப் படித்து வந்த முடிவு எடிசன்காரர் கையிலுள்ள ஆவணத்தின் கடைசியில் இலவசமாக அச்சாகிக் கிடக்கிறது. அதைப் படிக்காமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

உங்களுக்கு வந்த ஆவணத்தில் அடெண்டங்கள் இல்லை என்றால், கலிஃபோர்னியா, மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களின் அரசுத் தளங்களில் பிராண்ட் பெயரைத் தேடி, பதிவான எஃப்டிடியைக் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முந்தைய ஆண்டுகளின் பதிவும் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். போன ஆண்டு இல்லாத ஒத்திவைப்பு இந்த ஆண்டு முளைத்திருந்தால் நிதிநிலை இறங்கியிருக்க வாய்ப்புண்டு.

படித்த பிறகு பேரம் பேசுங்கள். கேட்க வேண்டியதை நேராகக் கேட்கலாம்: "உங்கள் எஃப்டிடியின் மேரிலாண்ட், இல்லினாய் அடெண்டங்களில் தொடக்கக் கட்டணம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இல்லினாய் அடெண்டத்தின் அதே வாசகத்தை என் ஒப்பந்தத்திலும் திருத்தமாகச் சேர்த்துத் தர முடியுமா?" எல்லோருக்கும் ஒரே விதி, உங்களுக்கு மட்டும் மாற்ற முடியாது என்ற பதில் வரும். ஏற்கனவே எல்லோருக்கும் ஒரே விதி இல்லை என்பதற்கு அந்த அடெண்டமே சாட்சி. முழுவதும் மறுத்தால் இடைவழிகள் உண்டு: பாதி கையெழுத்தில், பாதி திறப்பில்; அல்லது பணம் எஸ்க்ரோ நிறுவனத்திடம்; அல்லது 180 நாளில் இடம் ஒப்புதல் ஆகாவிட்டாலோ பயிற்சியை அவர்கள் நடத்தாவிட்டாலோ குறிப்பிட்ட தொகை திருப்பித் தரப்படும் என்ற பிரிவு. இதில் எதையுமே ஏற்காத, நிதிநிலையும் பலவீனமான ஃபிராஞ்சைஸரிடம் கட்டணம் கட்டச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டுப் பெறும் மாற்றங்களுக்காக எஃப்டிசி விதியின் 7 நாள் காத்திருப்பு மறுபடி தொடங்காது. அது ஃபிராஞ்சைஸர் தானாகச் செய்யும் முக்கிய மாற்றங்களுக்குத்தான். ஆகவே தேதி தள்ளிப்போகும் என்ற சாக்கும் நிற்காது.

நேர்மாறான தந்திரம் ஒன்றும் உண்டு. ஒத்திவைப்பு மாநிலத்தில் வசிப்பவரிடம், வேறு மாநிலத்தில் ஒரு எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கம்பெனி) தொடங்கி அதன் பெயரில் கையெழுத்துப் போடுங்கள், சீக்கிரம் முடியும் என்பார்கள். மாநிலச் சட்டம் பொருந்துமா என்பதை எல்எல்சி முகவரி தீர்மானிப்பதில்லை. நீங்கள் வசிக்கும் இடம், கடை அமையும் இடம், பேச்சு நடந்த இடம் என்று சட்டத்துக்குச் சட்டம் வேறுபடும். இப்படி ஒரு யோசனை வந்தாலே வக்கீலிடம் போங்கள். இடைத்தரகர் அவசரப்படுத்தினால் காரணம் எளிது: அவருடைய கமிஷன் பெரும்பாலும் அந்தத் தொடக்கக் கட்டணத்திலிருந்து வருகிறது. கட்டணம் தள்ளிப்போனால் அவர் பணமும் தள்ளிப்போகலாம்.

ஒத்திவைப்பு தள்ளுபடி அல்ல. புதியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இதில்தான். 45,000 டாலர் ஒத்திவைக்கப்பட்டதும் அது கையிருப்பு போலத் தோன்றும். கட்டட வேலையில் 22,000 டாலர் கூடுதலாகிறது. நகராட்சி அனுமதி ஆறு வாரம் தாமதித்து, அந்த ஆறு வாரத்துக்கும் வாடகை போகிறது. எல்லாம் அந்த 45,000-லிருந்தே எடுக்கப்படும். திங்கட்கிழமை கடை திறக்கிறது, செவ்வாய்க்கிழமை இன்வாய்ஸ் வருகிறது, கணக்கில் 15,000-கூட இல்லை. பல ஒப்பந்தங்களில் பணப் பாக்கிக்குப் பத்து நாள் அவகாசம்தான்; அதன் பிறகு ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். ஐட்டம் 7-ன் கூடுதல் நிதி என்ற வரி முதல் மூன்று மாதச் செலவுக்கானது. ஒத்திவைத்த கட்டணம் அதற்கு மேல். கட்டணத்தைக் கையெழுத்தான அன்றே தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். திறந்த பிறகு ஆறு மாதத் தவணையில் கட்ட அனுமதி கிடைக்குமா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் சம்மதிப்பவர்கள் உண்டு, திறந்த பிறகு சம்மதிப்பவர்கள் அரிது.

எஸ்பிஏ என்ற மத்திய சிறுதொழில் நிர்வாகத்தின் உத்தரவாதத்தோடு வங்கிக் கடன் வாங்குபவர்கள் வங்கி அதிகாரியிடம் அடெண்டத்தின் நகலை முதல் சந்திப்பிலேயே கொடுக்க வேண்டும். கடன் பயன்பாட்டுப் பட்டியலில் கட்டணம் ஒரு வரியாக இருந்தால், அந்தத் தொகையைத் திறப்பு நாளில் விடுவிக்கும்படி அட்டவணை போடச் சொல்லுங்கள். விடுவிப்புக் கெடு திறப்புக்கு முன்பே முடிந்துபோனால் அந்த 45,000-ஐக் கைப்பணத்தில்தான் கட்ட வேண்டிவரும்.

இ-2 முதலீட்டாளர் விசாவில் வருபவர்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கு இந்த விசா கிடையாது. இலங்கை, சிங்கப்பூர், கனடா குடிமக்களுக்கு உண்டு. முதலீடு உண்மையிலேயே தொழிலில் இறங்கிவிட்டதைக் காட்டச் சொல்வார்கள். கட்டணம் ஒத்திவைக்கப்பட்டால் அதைச் செலவிட்டதாகக் காட்ட முடியாது. குத்தகை முன்பணம், வாங்கிய சாதனங்கள், கட்டட வேலைக்குக் கொடுத்த பணம் ஆகியவை தனியாகவே போதுமான தொகையாக நிற்க வேண்டும். இதைக் குடிவரவு வக்கீலிடம் சொல்லாமல் ஃபிராஞ்சைஸ் வக்கீலை மட்டும் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நேர்காணலில் கணக்கு உதைக்கும்.

கட்டணம் கட்டும் நேரம் வரும்போது, ஐட்டம் 11-ல் ஃபிராஞ்சைஸர் திறப்புக்கு முன் செய்வதாக எழுதிக்கொடுத்த வேலைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தேதி போடுங்கள்: இட ஒப்புதல் எந்த நாள், பயிற்சி எத்தனை நாள், கையேடு எப்போது கிடைத்தது, திறப்பு உதவிக்கு ஆள் வந்தாரா. கடமைகள் முடிந்துவிட்டன என்று உங்களிடம் கையெழுத்து கேட்டு ஒரு தாள் வரும். எஸ்க்ரோ என்றால் அந்தத் தாளைக் காட்டித்தான் பணத்தை விடுவிக்கக் கேட்பார்கள். ஐந்து நாள் பயிற்சியில் மூன்று நாள்தான் நடந்தது என்றால் அதில் கையெழுத்துப் போடாமல், எது பாக்கி, எப்போது முடிப்பீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். முன்தேதி போட்டுக் கையெழுத்து கேட்டால் மறுத்துவிடுங்கள். கட்டிய பிறகு, எந்த அடெண்டத்தின் கீழ், எந்தத் தேதியில், எதற்கான பணம் என்று குறிப்பிட்ட ரசீதை வாங்கி ஒப்பந்தக் கோப்பிலேயே வையுங்கள். பின்னால் கடையை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைக் கேட்பார்.